ஒரு கோடா, இரண்டு கோடா?

குடிநீர் வாரியத்தில் மோட்டாரை ஓட்டுவதும் நிறுத்துவதும் கணினியின் பொறுப்பு. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். கட்டளை மறந்துபோனால் கணினியிடமே உதவி கேட்கலாம். ஒரு நிரல், ஒரு கோடு போட்டு 'எச்' தட்டினால் உதவும். இன்னொன்று, இரண்டு கோடு போட்டு 'ஹெல்ப்' என்று முழுதாக எழுதினால்தான் வாயைத் திறக்கும்.

இந்த அவலத்தைக் களைய அமைந்த குழுவுக்குத் துணை இயக்குநர் தலைவர். மனிதர் இரண்டு கோட்டுக் கட்சி. இறுதி முடிவு எட்டப்படும் வரை யாரும் தவறான முறையில் உதவி கேட்டுவிடலாகாது என்பதால், எல்லா நிரல்களிலும் உதவியை நிறுத்திவைத்து ஆணையிட்டார்.

ஒரு நாள் காலை, புதிதாக மாற்றலாகி வந்த ஆபரேட்டர் போன் செய்தார்.

"சார், தொட்டி நிரம்பி வழியுது. மோட்டாரை நிறுத்தற கட்டளை தெரியல. உதவி கேட்டுப் பார்த்தேன்."

"எத்தனை கோடு போட்டீங்க?"

"ரெண்டு விதமாவும் போட்டேன் சார். 'கோரிக்கை உரிய வடிவில் இல்லை. உரிய வடிவத்துக்கு உதவியைப் பார்க்கவும்'னு வருது."

"அந்த வாசகம் நான் எழுதினதுதான்" என்றார் துணை இயக்குநர். அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த போன் மனைவியிடமிருந்து. தொட்டிக்குக் கீழேதான் அவர்கள் குடியிருப்பு.

"என்னங்க, ஹால்ல கணுக்கால் வரைக்கும் தண்ணி! புது சோபா ஊறிக்கிட்டிருக்கு!"

துணை இயக்குநர் உடனே அவசரக் கூட்டத்தைக் கூட்டினார்.

"அவசரத்துல ஒரு கோடு போடவே நேரமில்ல, இதுல ரெண்டா?" என்றது எதிர்க்கட்சி.

"உதவி கேட்கறவனுக்கு ஒரு பணிவு வேண்டாமா?" என்றது இவர் கட்சி.

தலைவரின் வாக்கையும் சேர்த்து வாக்குகள் சரிபாதி. தலைவர் ஒரு கோட்டுக்குக் கை தூக்கினால் அந்த நிமிடமே உதவி திரும்பிவிடும், வீடு பிழைத்துவிடும். கை பாதி வரை எழும்பியது. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிவிட்டது. துணைக்குழு அமைக்கத் தீர்மானித்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

அங்கே ஊரே குடத்தோடு திரண்டிருந்தது. குழாயில் காற்றை மட்டுமே பார்த்திருந்த ஜனம், தெருவில் ஓடும் தண்ணீரைக் கண்டு பூரித்துப்போயிருந்தது.

"வரிசையில வாங்கம்மா!"

"ஒரே வரிசையா? பொம்பளைங்களுக்குத் தனி வரிசை வேணும்!"

"அதெப்படி?"

வாக்குவாதம் முற்றியது. ஒரு குடமும் நிரம்பவில்லை. ஆனால் வரிசைக் குழு ஒன்று பிறந்தது. அனுபவஸ்தர் என்பதால் துணை இயக்குநரே அதற்கும் தலைவரானார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி ஏற்புரையைத் தொடங்கினார்.

அவர் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொட்டிக்கு அருகிலிருந்த மோட்டார் அறைக்குப் போனாள். சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினாள். தண்ணீர் நின்றது.

கூட்டம் மொத்தமும் அவளை நோக்கித் திரும்பியது.

"யாரைக் கேட்டு நிறுத்தினே?"

அதில் உரக்கக் கேட்டது அவள் புருஷன் குரல்தான்.