வாடும் வரை அகற்றக் கூடாது

மலர்ப் பராமரிப்புத் துறையின் வெள்ளி விழாவுக்கு பிளாஸ்டிக் பூ வைப்பதென்று துறை முறைப்படி முடிவு செய்தது. ஏன், துறையின் தோட்டத்தில் பூ இல்லையா என்று கேட்கக் கூடாது. இருந்தது. ஆனால் அவை பராமரிப்பில் இருந்தன. பறித்தால் பராமரிப்பு கெட்டுவிடும். ஆகவே பொதுநலன் கருதி, அலங்காரக் கடை வைத்திருக்கும் எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

நானும் விழுந்தடித்து ஓடினேன். காரணம் இருக்கிறது. புதன்கிழமை விழா நடக்கப்போகிற அதே துறை மண்டபத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்குத் திருமண வரவேற்பு. சம்பந்தியம்மாவுக்கு இந்த இடத்தில் ஏற்கெனவே அரை மனசு. "மண்டபத்துல ஏதாவது இடைஞ்சல்னா சொல்லுங்க, தேதியைத் தள்ளிப் போட்டுடலாம்" என்று தேன் ஒழுகச் சொன்னவர். அவர் தள்ளினால் எவ்வளவு தூரம் தள்ளுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் அதிகாரிகள் மனம் கோணாமல் நடப்பதென்று வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டேன்.

முதலில் மேஜை விரிப்பு. வெள்ளைதான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. எந்த வெள்ளை என்பதற்கு ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று மணி நேரம் உட்கார்ந்து, உதவி இயக்குநரின் மனைவி ஏதோ பத்திரிகையில் பார்த்தபடி, இந்த வருட நாகரிகம் 'களைத்த வெள்ளை' என்று கண்டுபிடித்தது. நாற்பது புது விரிப்புகளை டீத் தண்ணீரில் முக்கி, நிழலில் காயவைத்து, மடிப்புத் தெரியாமல் இஸ்திரி போட்டுக் கொண்டுபோனேன்.

"என்னம்மா, பழசு மாதிரி இருக்கே?" என்றார் உதவி இயக்குநர்.

"பழசு மாதிரிதானே சார் கேட்டீங்க?"

"கேட்டோம். ஆனா பார்க்கிறவங்களுக்கு இது புதுசுன்னு தெரியணுமில்ல?"

என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து என் கையைக் கிள்ளினார். "சரிங்க சார்" என்றேன். மறுநாள் அதே விரிப்புகளை அப்படியே திரும்பக் கொண்டுபோனேன். இப்போதுதான் சரியாக வந்திருக்கிறது என்று குழு பாராட்டியது.

அடுத்து பூ. பெட்டிக்குள் நசுங்கிக் கிடந்த இதழ்களுக்கு ஆவி காட்டி நிமிர்த்தினேன். உள்ளே இருக்கும் கம்பியை அங்கங்கே வளைத்து, காம்புகளை உயரம் கூட்டிக் குறைத்து நறுக்கினேன். எல்லாம் ஒரே உயரத்தில் நின்றால் பொய்ப் பூ என்று குட்டு உடைந்துவிடும். மண்டப வாசலில் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டினார்.

"பூ பறிச்ச தேதி?"

"பறிக்கலைங்க. இது பிளாஸ்டிக்."

"அதுக்குப் படிவம் கிடையாதும்மா. துறையில இருக்கிறதே இந்த ஒரு படிவம்தான். பெட்டியிலேர்ந்து எப்ப எடுத்தீங்க?"

"திங்கக்கிழமை."

'பறித்தது திங்கள்' என்று எழுதிக்கொண்டார். நாமும் பிழைக்க வேண்டுமே என்று கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

விழா அமர்க்களம். இயக்குநர் குனிந்து மேஜைப் பூவை முகர்ந்து, "ஆகா, என்ன வாசனை!" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

வியாழக்கிழமை காலை பூவை எடுக்கப் போனால் மண்டபம் பூட்டிக் கிடக்கிறது. குமாஸ்தா விதிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். 'துறை வளாகத்தில் வைக்கப்பட்ட மலர்கள் வாடும் வரை அகற்றப்படலாகாது. அதுவரை மண்டபம் பிறருக்கு வழங்கப்படலாகாது.'

உதவி இயக்குநரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டார். "எப்ப வாடும்?"

"சார், என் பேரனுக்குப் பேரன் பிறந்தாலும் வாடாது!"

"அப்படியா?" அவர் முகம் பளிச்சென்று ஆனது. "நம்ம பராமரிப்பு அவ்வளவு நல்லா இருக்கா?"

வெள்ளிக்கிழமை இயக்குநரிடமிருந்து பாராட்டுக் கடிதமே வந்துவிட்டது. மூன்றாம் நாளும் மலர்கள் வாடாமல் இருப்பது துறை வரலாற்றில் முதல்முறையாம். அதற்குப் பிறகு அந்த அலுவலகத்தில் பிளாஸ்டிக் என்று சொல்ல ஒருத்தருக்கும் நாக்கு எழவில்லை. இருவேளையும் தண்ணீர் தெளிக்க ஓர் ஆளையும் போட்டார்கள். நான் பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்ட விரிப்பெல்லாம் சொதசொதவென்று நனைந்து கிடந்தன. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

சனிக்கிழமை உதவி இயக்குநர் முன்னால் என் வாய்ப் பூட்டுத் தெறித்துவிட்டது. "பூவுக்கு உயிர் இருக்குன்னு எழுதி வச்சுட்டு எம் பொண்ணு உயிரை எடுக்கறீங்களே, இது அடுக்குமா? நாளைக்கு நானூறு பேர் வராங்கய்யா! நடுத்தெருவிலயா நிக்க வைக்கிறது?" என்று கத்தினேன். கத்தியபடியே அழுதும்விட்டேன்.

உதவி இயக்குநர் இளகிய மனசுக்காரர். "அழாதீங்கம்மா. வரவேற்புக்குத்தான் மண்டபம் தர முடியாது. மலர்க் கண்காட்சிக்குத் தரலாமே. வர்ற நானூறு பேரும் பார்வையாளர்."

"பொண்ணு மாப்பிள்ளை?"

"அவங்களும் பார்வையாளர்தான். உட்காரத்தான் கூடாது. கண்காட்சியில யாரும்மா உட்காருவாங்க?"

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, மேஜைகளைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பத்துப் பத்துப் பேராக உள்ளே விட்டார்கள். முதல் பத்தில் என் மகளும் மாப்பிள்ளையும். காவலாளி "நிக்காதீங்க, நகருங்க" என்று விரட்டிக்கொண்டே இருந்தார். வாழ்த்த வந்தவர்கள் மணமக்களைத் துரத்திப் பிடித்து வாழ்த்தினார்கள். மாப்பிள்ளை ஆசையாக என் மகள் கையைப் பிடித்தார். "தொடாதீங்க!" என்றார் காவலாளி. சரியாக ஐந்து மணிக்கு விசில் ஊதி, மணமக்கள் உட்பட மொத்தக் கூட்டத்தையும் தெருவில் கொண்டுவந்து விட்டார்.

சம்பந்தியம்மா என்னை நோக்கி வேகவேகமாக வந்தார். கதை முடிந்தது, என் பொண்ணு வாழ்க்கை போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தி! இப்படியொரு நாகரிகமான வரவேற்பை நான் பார்த்ததே இல்லை. எங்க சொந்தக்காரங்க வாயடைச்சுப் போயிட்டாங்க!"

போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை கடையைத் திறக்கும்போதே வாசலில் பதினோரு பேர். எல்லாரும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள். நாற்காலியே வேண்டாமாம், விசில் மட்டும் கண்டிப்பாக வேண்டுமாம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு உதவி இயக்குநர் முன்னால் வந்தார்.

"நம்ம பையனுக்கும் அடுத்த மாசம் வரவேற்பு வச்சிருக்கோம்மா. அதே மாதிரி செஞ்சு குடுத்துடுங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தேன்.

"வரிசையில கடைசியா போய் நில்லுங்க சார். விண்ணப்பம் மூணு பிரதி இருக்கா?"