துருவை எதிர்த்த தாழ்ப்பாள்

வீட்டில் ஒரே ஒருவனுக்கு மட்டும் இங்கிலீஷ் தெரிந்திருந்தால், அந்த வீட்டுக்கு ஆபத்து வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் அந்த ஒருவன் நான். மாத்திரை அட்டை, கொசுவத்திப் பெட்டி, படகு இன்ஜினோடு வந்த தாள் என்று எல்லாம் என் கைக்குத்தான் வரும். தெரியாத வார்த்தை வந்தால் லேசாகத் தொண்டையைச் செருமிவிட்டு, தெரிந்த மாதிரி ஏதாவது சொல்வேன். (தப்பு என்று சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?)

அப்போது பொன்னேரிக்கு பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். செல்வி அக்காவைச் சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும் நிச்சயம். முன்பு வந்த ஒரு சம்பந்தம், தட்டு மாற்றுகிற நேரத்தில் யாரோ தும்மினார்கள் என்று கலைந்துபோயிருந்தது. அதனால் இந்த முறை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சம்பந்தி வீட்டாருக்காக நைனா கையோடு ஒரு கழிப்பறை கட்டினார். தகரக் கதவு. தாழ்ப்பாள் வாங்குவது என் பொறுப்பு. எங்கள் ஊர் பழவேற்காட்டில் கதவுக்கு இரும்பு போட யோசிப்பார்கள், உப்புக்காற்று தின்றுவிடும். கிழிந்த வலையிலிருந்து ஒரு துண்டு நைலான் கயிறு, சுவரில் ஒரு மரமுளை, அவ்வளவுதான் தாழ்ப்பாள். மீறி இரும்பு போடுகிறவர்கள் விடாமல் எண்ணெய் விடுவார்கள்.

கல்லூரிக்குப் போகிறவன் கயிறு கட்டுவதா? பொன்னேரிக் கடையில் பளபளவென்று ஒரு தாழ்ப்பாள் பார்த்தேன். ‘ரஸ்ட் ரெஸிஸ்டன்ட்’ என்று ஸ்டிக்கர். ரஸ்ட் என்றால் துரு. ரெஸிஸ்டன்ஸ் எங்கள் இயற்பியல் வகுப்பில் வரும். தடுப்பது. சரி, தடுத்துவிட்டால் பிறகு துரு எப்படி வரும்? வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

“இன்னாடா எழுதிகீது?” என்றார் நைனா.

“துருப் புடிக்கவே புடிக்காதுன்னு போட்டிருக்கான் நைனா.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.” (‘எப்பவுமே’ என்பது ஸ்டிக்கரில் இல்லை. என் சொந்தச் சரக்கு.)

அக்கா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். “ரெண்டு சொட்டு உடறேன்டா.”

“எண்ணெய் உட்டா அந்த இரும்புக்கே அவமானம்க்கா.”

ஸ்டிக்கரையும் உரிக்க விடவில்லை. உரித்துவிட்டால் வருகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? (எங்கள் தெருமுனையில் அந்தக் காலத்து டச்சுக்காரர்களின் கல்லறை. கல்லும் அதில் செதுக்கிய எலும்புக்கூடும் அப்படியே நிற்கின்றன. அவர்கள் அடித்த இரும்பு ஆணி ஒன்றைக்கூட இதுவரை நான் பார்த்ததில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் பஸ்ஸுக்கு ஓடினேன். மண்டையில் ஏறவில்லை.)

அந்தத் தாழ்ப்பாளை எங்கள் வீட்டில் யாரும் போட்டதும் இல்லை. உள்ளே இருப்பவர் இருமுவார், வெளியே வந்தவர் திரும்பிப் போய்விடுவார். மழைக்காலம் முழுக்க அது சும்மாவே கிடந்தது.

நிச்சயத்தன்று மாப்பிள்ளையின் அப்பா மாணிக்கம் மாமா, ராகுகாலம் வருவதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, “இதோ வந்துட்றேன்” என்று கழிப்பறைக்குள் போனார். வலை இழுத்த கை. தாழ்ப்பாளை அவர் அறைந்த சத்தம் கூடத்துக்கே கேட்டது. வெகு நேரம் கழித்து வேறொரு சத்தம் கேட்டது.

“தம்பி... இந்தத் தாப்பா வர மாட்டேங்குது.”

“மேல தூக்கி இழுங்க மாமா!”

“தூக்கியாச்சு, இழுத்தாச்சு, கும்பிட்டும் பாத்தாச்சு.”

கூட்டம் கூடிவிட்டது. நைனா ஸ்க்ரூடிரைவரோடு ஓடிவந்து கதவின் கீல்களைக் கழற்றப் பார்த்தார். திருகாணிகளின் தலை பொடிப்பொடியாக உதிர்ந்தது. (அவையும் அதே கடை, அதே ஸ்டிக்கர்.) தட்டோடு நின்ற மாப்பிள்ளையின் அத்தை, எல்லார் காதிலும் விழும்படி முணுமுணுத்தார்: “சகுனம் சரியில்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளிருந்து மறுபடியும் குரல். “இங்க இன்னாமோ இங்கிலீஷ்ல ஒட்டிகீதே, இன்னா அது?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“துருப் புடிக்காதுன்னு... மாமா.”

“அப்ப என் கையெல்லாம் செவப்பாகீதே, அது இன்னா?”

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். படிப்பு விடவில்லை. “கரெக்டா சொன்னா, புடிக்காதுன்னு இல்ல மாமா. எதிர்க்கும்னுதான் அர்த்தம்.”

“எதிர்த்துச்சா?”

“எதிர்த்திருக்கும் மாமா. தோத்துப்போச்சு.”

“டேய்,” என்றார் நைனா. என் வாழ்க்கையில் அவ்வளவு சின்ன வார்த்தையை அவ்வளவு கனமாக நான் கேட்டதில்லை.

அப்போது கூட்டம் விலகியது. நிச்சயப் பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்கா வந்து நின்றாள்.

“மாமா, செவுத்தோரமா ஒதுங்கிக்கோங்க.”

ஒரே உதை. கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் ஒன்றாக உள்ளே சாய்ந்தன. புது வேட்டியெல்லாம் செங்கறையோடு, பின்சுவரில் பல்லிபோல் ஒட்டி நின்றார் மாணிக்கம் மாமா.

“பொண்ணா இது?” என்று அத்தை ஆரம்பித்தார்.

“சும்மா இரு,” என்றார் மாமா. “இத்தினி பேர் நின்னுக்கினு இருந்தீங்க. ஒருத்தர் சகுனம் பாக்குறீங்க, ஒருத்தன் அர்த்தம் சொல்றான். என்னை வெளிய கொண்டாரணும்னு தோணினது இந்தப் பொண்ணு ஒருத்திக்குத்தான். தட்டைக் கொண்டாங்க, நேரமாவுது.”

செங்கறை வேட்டியோடுதான் தட்டு மாற்றினார்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் எந்தக் கழிப்பறைக்குப் போனாலும் மாமா தாழ்ப்பாள் போடுவதில்லை. கதவை ஒருக்களித்துவிட்டு உரக்கப் பாடுவார். பாட்டு நின்றுவிட்டால் அக்காவின் பிள்ளைகள் ஓடிப்போய், “தாத்தா, அம்மாவைக் கூப்பிடட்டுமா?” என்று கேட்கிறார்கள்.

நானும் அக்கா வீட்டுக்கு அடிக்கடி போகிறேன். சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு எதற்காவது விளக்கம் சொல்ல வாயெடுத்தால், மாமா கையைக் காட்டி நிறுத்துவார். எழுந்து போய் வாசல் கதவை விரியத் திறந்துவைப்பார். பிறகு பின்கதவையும். திரும்பி வந்து சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு சொல்வார்:

“ம். இப்ப சொல்லு.”