செடிக்கு ஒரு கட்டிங்

இந்த வீட்ல இனிமே என் பேச்சுதான் நிக்கணும்னு சலூன்காரர் முடிவு பண்ணினது ஒரு செடி விஷயத்துல. வேற எந்த விஷயமும் அவர் கைக்குக் கிடைக்கல.

தெருவைப் பார்த்த ஜன்னலுக்குக் கீழ கொஞ்சூண்டு மண்ணு. வீட்டுக்கே வெயில் விழற இடம் அது ஒண்ணுதான். அங்க கம்பம் நட்டு துணி காயப்போடணும்கிறது அவர் பொண்டாட்டியோட ஆசை. ஈரத்துணியெல்லாம் நாற்காலி முதுகுல தொங்குது; வந்தவங்க உட்கார்ந்து எந்திரிச்சா முதுகு நனைஞ்சு போகுது. சலூன்காரருக்கோ அங்க வாசனைச் செடி வைக்கணும். நாள் முழுக்க அடுத்தவன் தலையை மோந்து பாக்குற மனுஷன். சாயங்காலமாவது பூ மணக்கக் கூடாதா?

எதிர்வீட்ல நர்சரி வெச்சிருக்கிற பொண்ணுகிட்ட, ஏற்கனவே பூத்துப் பழகின பெரிய செடியாவே வாங்கிட்டு வந்துட்டார்.

"குளிர்ல இலையெல்லாம் கொட்டிடும், பயந்துடாதீங்கண்ணே"ன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. "வெயில் வந்ததும் கொத்துக் கொத்தா பூக்கும். தெருமுனை வரைக்கும் மணக்கும்."

பொண்டாட்டி இடுப்புல கைவெச்சு நின்னா.

"பூக்கலைன்னா?"

"பூக்கும்."

"பூக்கலைன்னா?"

"இடம் உனக்கு. போதுமா?"

"போதும்"னுட்டா. இவ்வளவு சீக்கிரம் அவ ஒத்துக்கிட்டப்பவே அவருக்குச் சந்தேகம் வந்திருக்கணும். வரல.

குளிர் வந்துச்சு. இலை மொத்தமும் கொட்டி, செடி வெறும் குச்சியா நின்னுச்சு. சலூன்காரர் அசரல. கடை லீவு அன்னிக்கு ஜன்னல்கிட்ட உட்கார்ந்து அதையே ரசிச்சுக்கிட்டிருந்தார். பொண்டாட்டி டீயோட வந்தா.

"என்னங்க, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"செடி ஒரே பரட்டைத் தலையா நிக்குது."

"நின்னா நிக்கட்டும்."

"எனக்கென்ன வந்துச்சு? சலூன்காரர் வீட்டுச் செடியே இப்படி இருந்தா, நம்மை நம்பி எவன் தலையைக் குடுப்பான்னு தெருவுல பேசுவாங்க."

அவருக்குச் சுருக்குன்னுச்சு.

"லேசா வெட்டி விடலாமா? செடிக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"உங்க கைபட்டு எந்தத் தலை கெட்டுப் போச்சு? எனக்குத் தெரிஞ்சு இல்ல."

அவ்வளவுதான். கத்தரி வந்துச்சு, சீப்பு வந்துச்சு. பழக்க தோஷத்துல செடிக்குக் கழுத்துன்னு தோணின இடத்துல ஒரு துணியைச் சுத்தினார். பக்கத்துல ஒட்ட, மேல உருண்டையா, ஒரு நுனி விடாம அப்படி ஒரு கட்டிங். கண்ணாடி பிடிச்சுப் பின்பக்கம் காட்டாத குறைதான்.

வெயில் வந்துச்சு. இலை புசுபுசுன்னு வந்துச்சு. பூ மட்டும் வரல. எதிர்வீட்டு நர்சரியில அதே செடி கொத்துக் கொத்தா பூத்து, அந்த வாசனை இவர் ஜன்னலுக்குள்ள வந்து இவரையே விசாரிச்சுது. பொறுக்க முடியாம அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வந்து காட்டினார்.

அது ஒரு குச்சியைத் தடவிப் பாத்துச்சு. "குளிர்ல வெட்டினீங்களாண்ணே?"

"லேசா. ஒரு ட்ரிம்."

"அய்யய்யோ! குளிருக்கு முன்னாடியே இது நுனியில மொட்டை ஒளிச்சு வெச்சிருக்கும். அதைப் போய் வெட்டுவாங்களா? பூத்து முடிஞ்ச கையோடதான் வெட்டணும். அக்காகிட்ட அன்னிக்கே சொன்னேனே!"

"என்னிக்கு?"

"செடி வாங்கின அன்னிக்கு. 'குளிர்ல வெட்டினா பூக்கவே பூக்காதா? நிச்சயமா?'ன்னு திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. செடி மேல எவ்வளவு பாசம்னு நெனச்சேன்."

சலூன்காரர் விடுவிடுன்னு உள்ள போனார்.

"தெரிஞ்சுக்கிட்டே வெட்டச் சொல்லியிருக்க!"

"நான் எங்க வெட்டச் சொன்னேன்? பரட்டையா இருக்குன்னேன். கத்தரியைத் தூக்கினது யாரு?"

யோசிச்சுப் பாத்தார். வெட்டுன்னு ஒரு வார்த்தை அவ வாயிலேர்ந்து வரலதான்.

"சரி, இடம் உனக்கு. செடியைப் பின்பக்கம் மாத்திக்கறேன். ஆனா கம்பத்தை நீயே ஆள் வெச்சு நட்டுக்க. நான் தொட மாட்டேன். இது முடிவு!"

"வெச்சுக்கறேங்க"ன்னு அவ பெருமூச்சு விட்டா. "என்ன, வர்றவன் கோணலா நட்டுட்டுப் போவான். மயிரிழை சாஞ்சாலும் கண்டுபிடிக்கிற கண்ணு எல்லாருக்குமா இருக்கும்?"

சலூன்காரர் வெளிய போய் அந்த இடத்தை ஒருதடவை பாத்தார். ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு தடவை பாத்தார். அப்புறம் ஜன்னல் வழியா தலையை நீட்டி, கோவம் குறையாத குரல்ல கேட்டார்:

"கடப்பாரை எங்க இருக்கு?"