லினக்ஸ் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன இல்லைகளும்

என்னிடம் யாராவது எதையாவது கேட்டால், முதலில் 'இல்லை' என்று சொல்லிவிட்டுத்தான் என்ன கேட்டார்கள் என்று யோசிப்பேன். இது குணமல்ல, பயிற்சி. நான் வளர்ந்த காலத்தில் வன்னியில் கேள்வி கேட்பவர்கள் பெரும்பாலும் துவக்கோடு நிற்பார்கள். இவனைத் தெரியுமா? இல்லை. பைக்குள் தடைசெய்த பற்றரி இருக்கா? இல்லை. அண்ணன் தம்பி இருக்கா? இல்லை. (எனக்கு உண்மையிலேயே இல்லை. அதைச் சொல்லும்போதும் வியர்க்கும்.) இந்தப் பழக்கம் என்னைப் பல இடங்களில் காப்பாற்றியிருக்கிறது. ஒரேயொரு இடத்தில் கைவிட்டது. அந்த இடத்தில் துவக்கு இருக்கவில்லை, ஒரு கொம்பியூட்டர்தான் இருந்தது.

இரண்டாயிரமாம் ஆண்டு. முள்ளியவளையிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்தோம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு ஆங்கிலத் தட்டெழுத்து மட்டும் தெரியும். அர்த்தம் தெரியாது, அடிக்கத் தெரியும். அந்தத் தகுதியில் ஒரு சின்ன நிவாரண அலுவலகத்தில் வேலை கிடைத்தது. வைத்தியத்துக்காக வவுனியாவுக்குப் போக வேண்டிய நோயாளர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. பட்டியலில் பெயர் இருந்தால் போவதற்கு அனுமதிப் பாஸ் கிடைக்கும், வாகனத்தில் இடம் கிடைக்கும். இல்லாவிட்டால் அடுத்த வாகனம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. சனங்கள் ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த துண்டைக் கொண்டுவருவார்கள். நான் பார்த்து அடித்துவிட்டுத் துண்டைத் திருப்பிக் கொடுப்பேன். கடதாசித் தட்டுப்பாட்டில் கொப்பி போட்டு எழுதி வைக்கும் வசதி கிடையாது.

அந்த மாதப் பட்டியலில் என் அக்கா பூமணியும் இருந்தா. தொண்டையில் ஒரு கட்டி. வவுனியாவில் வெட்டி எடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

அலுவலகக் கொம்பியூட்டரில் வைரஸ் புகுந்து அது தானாக நின்று நின்று போனது. யாழ்ப்பாணத்தில் எஞ்சினியரிங் படித்த சிவம் அண்ணை ஒரு சீடியோடு வந்தார். பழையதை அழித்துவிட்டு லினக்ஸ் என்ற புதியதை ஏற்றினார். "இதுக்கு வைரஸ் வராது" என்றார். ஏற்றி முடிந்த கையோடு அவருக்கு வேறு இடத்தில் அவசர வேலை வந்துவிட்டது. மிச்ச ஒழுங்குகளைச் செய்யும்படி ஒரு தாளில் பத்து வரி எழுதித் தந்தார். "பயப்பிடாதை. அது கேக்கும், நீ பதில் சொல்லு. ஆனா ஒண்டு, சும்மா கரண்டை நிப்பாட்டிப் போடாதை. தாளிலை இருக்கிற மாதிரிச் சொல்லித்தான் நிப்பாட்ட வேணும்."

பயப்படாதே என்று சொன்னால்தான் எனக்குப் பயம் வரும். அது கேட்டதும் உண்மை; என்ன கேட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. சத்தம் வேணுமா? இல்லை. மவுஸ் பூட்டவா? இல்லை. படங்களோடு திரை வரட்டுமா? இல்லை. கடைசியில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் மட்டும் மிஞ்சின. கடவுச்சொல் கேட்டபோது அடிக்க அடிக்க ஒரு எழுத்தும் விழவில்லை. விசைப்பலகையைப் பழுதாக்கிவிட்டேன் என்று நினைத்து, வேலை போய்விட்டதை வீட்டில் எப்படிச் சொல்வது என்றுவரை யோசித்து முடித்தேன். அது அப்படித்தானாம், ஒளித்து வைக்குமாம். (தாளின் நாலாம் வரியில் இருந்தது. நான் மூன்றாம் வரியில் அழுதுகொண்டிருந்தேன்.) கடவுச்சொல்லாக என் அடையாள அட்டை இலக்கத்தைப் போட்டேன். யார் உலுப்பிக் கேட்டாலும் பிழைக்காமல் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

பிறகு எல்லாம் சரிவந்தது. எழுத்து விழுகிறதா என்று பார்க்க முதல் வரியில் அக்காவின் பெயரை அடித்தேன். விழுந்தது. மூன்று நாளில் பட்டியல் முடிந்தது. வாகனம் வெள்ளிக்கிழமை. செவ்வாய் காலை கடைசிப் பெயரையும் அடித்து, சேமித்து, தாளைப் பார்த்து முறைப்படி நிறுத்துவதற்கு விரலை வைத்தபோது வெளியே யாரோ "கிபிர்" என்று கத்தினார்கள்.

கிபிர் விமானச் சத்தம் கேட்டால் முதலில், கொம்பியூட்டருக்குக் கரண்ட் தரும் ஜெனரேற்றரை நிறுத்த வேண்டும். அது இரைந்தால் குண்டு எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாது. பிறகு பங்கர். இதற்கு எனக்குத் தாள் தேவைப்படவில்லை. பங்கருக்குள் குந்தியிருந்தபோதுதான் 'சும்மா கரண்டை நிப்பாட்டிப் போடாதை' என்ற சிவம் அண்ணையின் குரல் காதில் கேட்டது. அன்று குண்டு தூரத்தில் விழுந்தது. நான் மட்டும் பங்கரைவிட்டு வெளியே வர மறுத்தேன்.

மீண்டும் போட்டபோது கொம்பியூட்டர் பாதிவழியில் நின்று கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். தாளின் கடைசி வரியில் 'பிழை வந்தால்' என்று இருந்த கட்டளையை அடித்தேன். அது ஒரு நீண்ட ஆங்கில வசனத்தைச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டது. ஓம் என்றால் ஓர் எழுத்து, இல்லை என்றால் ஓர் எழுத்து. என்ன கேட்கிறது என்று விளங்கவில்லை. விளங்காத கேள்விக்கு என்ன பதில் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இல்லை. அடுத்த கேள்வி. இல்லை. இப்படி ஒரு நூறு தடவை இருக்கும். முடிவில் இன்னொரு ஆங்கில வசனத்தைச் சொல்லி, தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

அலுவலகத்துக்குப் பொறுப்பான செல்வராசா மாஸ்ரர் வந்து எட்டிப் பார்த்தார். "ஆக்களின்ரை பேர் ஞாபகம் இருக்கோ?"

"இல்லை, சேர்."

"அப்ப சைக்கிளை எடு."

இரண்டு நாள். முகாம் முகாமாக, கொட்டில் கொட்டிலாகப் போய்க் கையால் எழுதினேன். துணுக்காய்ப் பக்கம் ஒரு வீட்டில் படலையைத் திறந்த பெண்ணிடம், ஐயாவின் துண்டைத் தாங்கோ என்று கேட்டேன். "ஐயா முந்தநாள் செத்துப்போனார், தம்பி. துண்டு இருக்கு. வேணுமெண்டால் கொண்டுபோங்கோ" என்றா. அந்த மனிதர் போன கிழமை எனக்கு முன்னால் கதிரையில் இருந்து இருமியவர்.

வியாழன் பின்னேரம் பட்டியலை மூன்று தரம் வாசித்தேன். யாரோ குறைகிறார்கள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் அந்த ஐயாவின் முகம் வந்தது. குறை அவர்தான் என்று ஆறுதலடைந்து மாஸ்ரரிடம் கொடுத்தேன்.

வெள்ளி காலை வாகனத்தடியில் பெயர் கூப்பிட்டார்கள். அக்கா கழுத்தைச் சுற்றித் துவாயும் கையில் உடுப்புப் பையுமாக முன்வரிசையில் நின்றா. ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசிப் பெயரும் முடிந்தது. அக்கா அப்படியே நின்றா. மாஸ்ரர் என் பக்கம் திரும்பினார்.

"கொக்கா பூமணியை எழுதினியோ?"

வாழ்க்கையில் முதல்தடவையாக யோசிக்காமல் "ஓம்" என்றேன்.

அவர் தாளை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இல்லை."

எல்லாருடைய வீட்டுக்கும் போனவன், இரண்டு நாளும் படுத்தெழும்பிய என் சொந்த வீட்டில் மட்டும் துண்டு கேட்கவில்லை. அக்கா அழவில்லை. பையை என் சைக்கிளில் கொழுவி, "வா, வீட்டை போவம்" என்றா. அதுவே கட்டைக் குரலில்தான் வந்தது.

அடுத்த கிழமை சிவம் அண்ணை வந்தார். என் நூறு இல்லைகளையும் கேட்டுவிட்டுக் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்தார். கேள்வி வர வர ஓம், ஓம், ஓம் என்று விசையை அமத்திக்கொண்டே போனார். "பிழையைத் திருத்தட்டோ எண்டுதானே கேட்டது" என்றார். ஐந்து நிமிடத்தில் பட்டியல் எழுந்து வந்தது. முதல் வரியில் பூமணி.

அக்காவுக்கு வாகனம் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் போனது. கட்டியை எடுத்தார்கள், குரல் முழுதாகத் திரும்பவில்லை. பிந்தியதாலா என்று டொக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "அதைக் கேட்டு நீ என்ன செய்யப்போறாய்" என்று அக்காவும் விடவில்லை.

கதையை அக்காதான் சொந்தக்காரர் எல்லாருக்கும் சொன்னா, சிரித்துச் சிரித்து, இடையிடையே மூச்சு வாங்கி. இன்றுவரை நான் எதற்காவது தயங்கினால் வீட்டில் சின்னப் பிள்ளைகூட "ஓமை அமத்துங்கோ" என்று சொல்லும். என் கலியாணத்தன்று பதிவுகாரர், இந்தப் பெண்ணை மணக்கச் சம்மதமா என்று கேட்டார். என் வாய் பழக்கத்தில் 'இ' என்று தொடங்கிவிட்டது. எனக்குப் பின்னால் நின்ற அக்கா தன்னிடம் இருந்த குரல் முழுவதையும் சேர்த்துச் சொன்னா: "ஓமை அமத்தடா."

முன்வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பின்வரிசைக்கு அது கேட்கவில்லை.