புள்ளிக்குப் பின்னால் வரும் பெயர்

ஆறு ஒன்று குறுக்கே ஓடிய நாடு அது. வடகரையில் அரண்மனை இருந்தது. தென்கரையில் மக்கள் இருந்தார்கள். வடகரையிலும் மக்கள் இருந்தார்கள், ஆனால் அவர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

அந்த நாட்டில் எல்லாமே மின்னஞ்சலில்தான் நடந்தது. ரேஷன் அரிசி என்று வரும், மருத்துவமனையில் என்று இடம் கிடைக்கும், எந்தத் தெருவுக்குக் குழாயில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அரண்மனை அஞ்சலில் வந்தால்தான் உண்டு. முகவரியை மட்டும் அவரவர் விருப்பம்போல் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் தன் படகின் பெயரை வைத்திருந்தார். இன்னொருவர் தனக்குப் பிடித்த குழம்பின் பெயரை வைத்திருந்தார். அஞ்சல் தவறாமல் போய்ச் சேர்ந்தது.

புதிதாக வந்த அஞ்சல் அமைச்சர் அமுதநாதர் பொற்கோபுரத்தாருக்கு இது உறுத்தியது. "அயல்நாட்டு மன்னர் ஒருவர் நம் குடிமகனுக்கு அஞ்சல் அனுப்ப நேர்ந்தால், அவர் 'அயிரைக்குழம்பு' என்று தட்ட வேண்டியிருக்கும். இந்த அவமானத்தை இனியும் பொறுக்க முடியாது" என்று அவையில் சொன்னார். அயல்நாட்டு மன்னர்கள் எவரும் அதுவரை அப்படி அனுப்பியதில்லை. இருந்தாலும் மன்னர் தலையசைத்தார்.

முகவரி வடிவத்தை முடிவுசெய்ய ஒரு குழு கூடியது. பெயரின் முதல் எழுத்து மட்டும் போதுமா, முழுப் பெயரும் வேண்டுமா, நடுவில் புள்ளியா, அடிக்கோடா என்று மழைக்காலம் முழுவதும் விவாதித்தார்கள். அடிக்கோடு தாழ்ந்து கிடப்பதால் அது மரியாதைக்குரியதல்ல என்று ஒரு மூத்த உறுப்பினர் கருதினார். கடைசியில் முழுப் பெயர், புள்ளி, குடும்பப் பெயர் என்று முடிவாயிற்று.

அமைச்சரின் செயலர் இளந்திரையன் வெண்குடையார் மட்டும் தயங்கினார். "ஐயா, தென்கரையில் குடும்பப் பெயர் கிடையாது."

"குடும்பம் இருக்கிறதல்லவா?" என்றார் அமைச்சர்.

தென்கரையிலும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர்கள் இருந்தன. யார் எந்தக் கிணற்றில் இறைக்கலாம், யாரைக் கண்டால் யார் எழுந்து நிற்க வேண்டும் என்பதை அந்தப் பெயர்கள் சொல்லின. அடிபட்டு அடிபட்டு அலுத்த ஒரு தலைமுறை, அவற்றை இனி யாரும் சொல்வதில்லை என்று கூடிப் பேசி விட்டுவிட்டது. பிறகு ஒருவருக்கு ஒரு பெயர் என்றே ஆகிவிட்டது.

தென்கரை அஞ்சல் நிலையத்தின் பொறுப்பாளர் பேராச்சி. தென்கரையில் எல்லோருக்கும் முகவரி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். புதிய சட்டப்படி அவர் தட்டிப் பார்த்தபோது, புள்ளிக்குப் பின்னால் காலியாக விட்டால் கணினி ஏற்கவில்லை. அரண்மனைக்கு எழுதிக் கேட்டார். குடும்பப் பெயர் இல்லாதவர்களில் ஒரே பெயர் கொண்ட அனைவருக்கும் ஒரே அஞ்சல் பெட்டி, அதன் திறவுச்சொல் முதலில் வந்தவரிடம் இருக்கும் என்று பதில் வந்தது.

தென்கரையில் கொம்பையாக்கள் பலர். படகோட்டும் கொம்பையா முதலில் வந்ததால் எல்லாக் கொம்பையாக்களின் அஞ்சலும் அவருக்குப் போயிற்று. வலை பின்னும் கொம்பையாவின் மனைவி முத்துப்பேச்சிக்குக் கண்ணில் அறுவை செய்ய வேண்டியிருந்தது. மருத்துவமனை நாள் குறித்துக் கணவர் பெயருக்கு அனுப்பிய அஞ்சல் படகோட்டியின் பெட்டியில் வந்து கிடந்தது. அவரோ மேற்கே சரக்கு ஏற்றப் போயிருந்தார். அவர் திரும்பிவந்து திறந்து பார்த்தபோது நாள் கடந்திருந்தது. முத்துப்பேச்சியின் வலக்கண் போயிற்று.

படகோட்டி அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"நான் ஊர்ல இல்லாம போயிட்டேன் மாப்ள" என்றார்.

"ஒன்னய என்ன சொல்ல" என்றார் வலைக்காரர். "உள்ள வா."

பேராச்சி மறுநாளே ஆற்றைக் கடந்து அமைச்சரைப் பார்க்கப் போனார். அமைச்சர் கனிவாகத்தான் பேசினார்.

"பாரம்மா, வருத்தமான செய்திதான். அதனால்தான் நாங்களே ஒரு வழி கண்டிருக்கிறோம். உங்கள் முன்னோர் தொலைத்த குடும்பப் பெயர்களை அரண்மனை தேடி எடுத்துவிட்டது. இலவசமாகவே திருப்பித் தருகிறோம். இனி எந்தக் கொம்பையா என்ற குழப்பம் வராது."

"அது தொலைஞ்ச பேரு இல்லய்யா. நாங்க வேண்டாம்னு விட்ட பேரு."

"பாரம்பரியத்தை வேண்டாம் என்று சொல்லலாமா?"

"அந்தப் பேரச் சொல்லித்தான் எங்க ஆளுகள அடிச்சாங்க. அத நான் என் கையால தட்டணுமா?"

"சட்டம் உன் கையைக் கேட்கவில்லையம்மா. எந்தக் கையானாலும் போதும்."

"அப்ப வேற கையத் தேடிக்கிடுங்க" என்று பேராச்சி எழுந்தார்.

அன்றே அவருடைய வேலை போயிற்று. வடகரையிலிருந்து ஒருவர் வந்து எல்லோருக்கும் புது முகவரி போட்டார். அந்தப் பெயர்களை இங்கே எழுதுவதற்கில்லை. பள்ளியில் பிள்ளைகளைப் புள்ளிக்குப் பின்னால் இருந்த பெயர்ப்படி வரிசையில் உட்காரவைத்தார்கள். குழாய்த் தண்ணீரும் அதே வரிசையில் திறக்கப்பட்டது. வரிசையின் கடைசியில் இருந்த தெருக்களுக்குத் தண்ணீர் வந்தபோது அது தண்ணீராக இல்லை.

மக்கள் ஆற்று மணலில் கூடினார்கள். புதுப் பெட்டியை யாரும் திறக்கக்கூடாது என்றார் பேராச்சி.

"தெறக்கலன்னா அரிசி வராதே" என்றார் ஒருவர்.

முத்துப்பேச்சி எழுந்தார். கண்ணில் இன்னும் கட்டு இருந்தது. "இத்தன நாளும் அரிசி வடகரையிலயா வெளஞ்சது? நம்ம வயல்ல வெளஞ்சது அங்க போயிட்டு வந்துச்சு. இனிமே போகாம இருக்கட்டும்."

அதற்குப் பிறகு ஒருவர்கூடத் தம் பெட்டியைத் திறக்கவில்லை.

அரண்மனை மூன்றாவது ஆணையைப் பிறப்பித்தது. குறித்த தவணைக்குள் பெட்டியைத் திறக்காதவர் நாட்டில் இல்லாதவராகக் கருதப்படுவார். தவணை முடிந்ததும் தென்கரை முழுவதும் இல்லாமல் போயிற்று. அமைச்சர் இதைத் தம் வெற்றியாக அறிவித்தார். ஒரே நாளில் நாட்டில் வறுமை பாதியாகக் குறைந்தது, புகார் அனுப்புவோர் எவருமில்லை என்று அவர் சொன்னபோது அவை கைதட்டியது.

சில வாரங்களில் வரி கேட்டு அதிகாரிகள் வந்தார்கள். வலைக்காரக் கொம்பையா அவர்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"வரியா? நாங்கதான் இல்லயே" என்றார்.

"விளையாடாதே. கண்ணெதிரே நிற்கிறாயே."

"அதச் சட்டத்துகிட்டச் சொல்லுங்க சார்."

அதிகாரிகள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். நீதிபதி விடுவித்துவிட்டார். பிடிக்குமுன் அவருக்கு மின்னஞ்சலில் அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும். இல்லாதவருக்கு அனுப்ப வழியில்லை. ஆகவே வழக்கும் இல்லை. கொம்பையா நடந்தே ஊர் திரும்பினார். முதுகில் தடி பட்ட இடம் கன்றியிருந்தது. மறுநாள் வழக்கம்போல் வலை பின்ன உட்கார்ந்தார்.

ஐப்பசியில் மழை வலுத்தது. ஆற்றின் மதகுகளை இயக்கியவர்கள் தென்கரை ஆட்கள்தான். இல்லாதவர்கள் வேலைக்கு வர வேண்டியதில்லை என்பதால் அவர்கள் வரவில்லை. நீர் வடகரைப் பக்கம் ஏறி அரண்மனைத் தோட்டத்துக்குள் நுழைந்தது. மதகைத் திறக்கச் சொல்லி அமைச்சர் மின்னஞ்சல் அனுப்பினார். பதில் வராததால் நினைவூட்டல் அனுப்பினார். பிறகு படகேறித் தாமே வந்தார்.

கரையில் நின்று, "யாரங்கே?" என்றார். யாரும் திரும்பவில்லை.

முகவரியில் இருந்த பெயர்களில் ஒன்றைச் சொல்லி அழைத்தார். வலை பின்னிக்கொண்டிருந்த கைகள் நின்றன. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். யாரும் எழவில்லை. அமைச்சர் அந்தப் பெயரை இரண்டாம் முறை சொல்லவில்லை.

"கொம்பையா" என்றார் மெதுவாக.

பலர் எழுந்து நின்றார்கள்.

"எந்தக் கொம்பையா வேணும்?" என்றார் பேராச்சி. "குழப்பமா இருந்தா கேளுங்க. கேட்டா சொல்லுவாங்க. அதுக்கு வாய் போதும், சட்டம் வேண்டாம்."

"மதகைத் திறக்கச் சொல்லம்மா. தண்ணீர் கொலுமண்டபத்துக்கு வந்துவிட்டது."

"பழையபடி அவங்கவங்க முகவரிய அவங்கவங்களே வச்சுக்கிடணும். பள்ளிக்கூடத்துல அந்த வரிசை இருக்கக்கூடாது. இத எழுதிக் குடுங்க, தெறக்கோம்."

"அதற்கு மன்னர் கையெழுத்து வேண்டும்."

"படகு இருக்கு. கூட்டிட்டு வாங்க."

மன்னர் வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தது. கையெழுத்திட்டார். பேராச்சி அதை ஈரம் படாமல் வாங்கி, உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கொம்பையாக்கள் மதகுக்குப் போனார்கள்.

மன்னர் தாமே வெள்ளத்தில் இறங்கி வந்து தென்கரை மக்களுக்கு முகவரிச் சுதந்திரத்தைப் பரிசளித்ததாக அரண்மனை அறிவித்தது. வடகரை நாளிதழ்கள் படத்துடன் வெளியிட்டன. தென்கரையில் யாரும் மறுப்பு எழுதவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்தது. பேராச்சி மீண்டும் அஞ்சல் நிலையத்தில் உட்கார்ந்தார். முதலில் முத்துப்பேச்சிக்கு அவருக்கென்றே ஒரு முகவரி போட்டுக் கொடுத்தார்.

வெள்ளம் வடிந்த பின் ஒரு காலையில் வடகரையிலிருந்து ஒருவர் வந்து வரிசையில் நின்றார். அமைச்சரின் செயலர் இளந்திரையன். அவருக்குப் பின்னால் இன்னும் சில வடகரைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றார்கள்.

"என் முகவரியில் ஒரு திருத்தம்" என்றார் இளந்திரையன். குரல் தாழ்ந்திருந்தது. "புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எடுத்துவிட முடியுமா?"

பேராச்சி அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு விசைப்பலகையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"எங்க பேர நாங்கதான் விட்டோம். ஒங்க பேர நீங்கதான் எடுக்கணும்" என்றார்.

வெண்குடையார் என்பதில் ஆறு எழுத்துகள். முதல் எழுத்தை அழிக்கத்தான் அவருக்கு வெகுநேரம் பிடித்தது.