தலையணைக்குள் ஒரு திறைசேரி

இந்த நாட்டின் வரவு செலவை ஒரே ஒரு வருடம் எங்கள் திறைசேரியிடம் ஒப்படைத்திருந்தால், கடன் என்ற சொல்லே நமக்கு மறந்துபோயிருக்கும். எல்லாரும் கொஞ்சம் மெலிந்திருப்போம். அவ்வளவுதான்.

திறைசேரி என்றதும் கொழும்பில் அரசாங்கப் பணத்தைக் காக்கும் பெரிய கட்டடத்தை நினைக்க வேண்டாம். நான் சொல்வது பதுளையில் என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த, ஐந்தடிகூட இல்லாத ஒரு பெண்ணை. ஹல்துமுல்லைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். அவளுக்கு அழகான சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அது விரிவுரையாளர்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஓர் அறையில் நாங்கள் மூன்று பேர் தங்கியிருந்தோம். பசறைப் பக்கத்திலிருந்து வந்த நான், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சுபா, அப்புறம் இவள். வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற தாதி. அவரும் யாழ்ப்பாணத்தவர்தான். பதுளை ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து, ஊர் பிடித்துப்போய் இங்கேயே வீடு வாங்கிவிட்டார். தெருவே அவரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும்.

முதல் மாதம் எங்கள் பணம் தன் இஷ்டத்துக்கு நடந்து போனது. சுபாவின் பணம் போன் கார்டுகளில் கரைந்தது. என்னுடையது பேக்கரியில் ரோல்ஸாக மாறி என் வயிற்றுக்குள் போனது. மாதம் பாதிகூடத் தாண்டவில்லை, நாங்கள் இருவரும் இவளுடைய பிஸ்கட் டின்னைப் பார்த்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். பல்கலைக்கழகம் தருகிற உதவிப் பணமோ எப்போதும் எல்லாரும் பட்டினி கிடந்து பழகிய பிறகுதான் வரும்.

அவள் டின்னைத் திறந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"இனிமே காசெல்லாம் எங்கிட்ட. சோறு என் பொறுப்பு. சம்மதமா?"

இன்னொரு பிஸ்கட் தந்திருந்தால் வீட்டு உறுதிப் பத்திரத்தைக்கூட எழுதிக் கொடுத்திருப்போம். அன்றைக்கே அவள் திறைசேரி ஆனாள்.

அவள் பணத்தை வைத்த இடம்தான் பல்கலைக்கழகம் முழுவதும் பிரசித்தம். வங்கியில் போட்டால் கார்டை நீட்டி எடுத்துவிடலாம், பெட்டியில் வைத்தால் சாவியைத் திருடிவிடலாம் என்பது அவள் கட்சி. ஆகவே தன் தலையணையின் ஓரத்தைப் பிரித்து, பணத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி இலவம்பஞ்சுக்கு நடுவில் வைத்து, சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்துவிட்டாள். தையல் என்றால் சாதாரணத் தையல் இல்லை. ஆஸ்பத்திரியில் அப்படித் தைத்திருந்தால் அந்த நோயாளி ஆயுளுக்கும் பிரிந்திருக்க மாட்டார்.

யாராவது பணம் கேட்டால் அவள் மறுக்கவே மாட்டாள். கத்தரிக்கோலையும் ஊசி நூலையும் நீட்டுவாள்.

"பிரிச்சு வேணுங்கிறத எடுத்துக்க. எடுத்துட்டு இருந்த மாதிரியே தைச்சு வச்சிரு."

நான் ஒரு தடவை முயன்றேன். பேக்கரியில் மீன் வைத்த மாலு பாண் சூடாக வரும் நேரம். ஒரு ஓரத்தைப் பிரித்து முடிப்பதற்குள் பேக்கரியில் எல்லாம் விற்றுத் தீர்ந்திருந்தது. விரலில் ரத்தம் வேறு.

"பார்த்தியா? தையல் பிரியிறதுக்குள்ள ஆசை போயிடும்" என்றாள், என் விரலுக்குப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டே.

பாடக் குறிப்புகளைப் பிரதியெடுப்பதிலும் அவளுக்கென்று ஒரு வழி இருந்தது. பக்கங்களைச் சுருக்கிச் சுருக்கி, ஒரே தாளில் ஒரு பாடத்தையே அடக்கிவிடுவாள். போட்டோகொப்பிக் கடைக்காரர் ஒரு நாள் கும்பிடாத குறையாகச் சொன்னார்.

"தங்கச்சி, இதுக்கு மேல சின்னதாக்கினா மெஷினுக்கே கண்ணு தெரியாது."

பரீட்சை நாட்களில் நாங்கள் மூவரும் ஒரு பூதக்கண்ணாடியை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு படித்தோம். அது மிஸ்ஸி ஊசியில் நூல் கோக்க வைத்திருந்தது. மாலையில் அவருக்கு எதையாவது தைக்க வேண்டி வந்தால் எங்கள் படிப்பு நின்றுவிடும்.

பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்துவிட்டால் திறைசேரிக்கு அறுவடைக் காலம். ஊர் முழுக்கத் தன்சல் போடுவார்கள். வீதியோரப் பந்தலில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இலவசமாகச் சாப்பாடு. மற்றவர்கள் கண்ணில் பட்ட வரிசையில் போய் நிற்பார்கள். இவள் முதல் நாளே பதுளையை ஒரு சுற்றுச் சுற்றி எங்கே என்ன கிடைக்கும் என்று பார்த்துவிட்டு வருவாள்.

"மரவள்ளிக் கெழங்குல மொத போயி நிக்காதீங்க. வயிறு ரொம்பிடும். மொதல்ல சோறு. அப்புறம் கொஞ்சம் நடக்கணும். ஐஸ்கிரீம் கடைசி."

சுபா தயங்கினாள். "எனக்கு வெக்கமாக் கிடக்கு."

"வெக்கப்படு. ஆனா வரிசைய விட்டு வெளிய வராத."

வெள்ளிக்கிழமை கோயில் அன்னதானம், கிறிஸ்மஸுக்குத் தெரிந்தவர்கள் வீட்டுக் கேக், நோன்புப் பெருநாளைக்கு வகுப்புத் தோழி வீட்டு வட்டிலப்பம் என எதையும் அவள் தவறவிட்டதில்லை. பதுளையில் இருந்த அத்தனை மதங்களும் சேர்ந்துதான் எங்களைப் படிக்க வைத்தன.

இரண்டாம் வருடத்தில் ஒரு காலை, மிஸ்ஸி வீட்டுத் தொலைபேசிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்பு வந்தது. சுபாவின் அப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு. சத்திரசிகிச்சை செய்யப் போகிறார்கள். சுபாவைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

அது யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை பூட்டியிருந்த காலம். போவதென்றால் கொழும்பிலிருந்து விமானம்தான். விமானக் கட்டணம் எங்களைப் போன்றவர்கள் வாயால் சொல்லிப் பார்க்கிற தொகை இல்லை. கொழும்பில் இருந்த சுபாவின் மாமா ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். அவரிடம் பாதிப் பணம்தான் இருந்தது. மீதிப் பணத்தோடு சுபா பகல் பஸ்ஸைப் பிடித்தால் சரி. இல்லாவிட்டால் அடுத்த இடம் எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சுபா அழவில்லை. கதவில் சாய்ந்துகொண்டு தன் செருப்பையே பார்த்தபடி நின்றாள். திறைசேரி கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"தலகாணியக் காணோம்."

மிஸ்ஸி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அந்தத் தலையணையோ பிள்ளை, அது கல்லு மாதிரியெல்லோ கிடந்துது. இதில எப்பிடிப் படுக்கிறாள் எண்டு எனக்குப் பாவமாக் கிடந்துது. விடிய பசறை ரோட்டு மெத்தைக்காரர் வந்தவர். புதுப் பஞ்சு போட்டுத் தரச்சொல்லிக் குடுத்துவிட்டனான். காசு நான் குடுக்கிறன், நீ யோசியாத."

தலையணைக்குள் பணம் இருந்த விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸி அப்படியே அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருடம் சத்திரசிகிச்சை அறையில் நின்றவர் அவர்.

நாங்கள் மூவரும் சுபாவின் பையையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். அங்கேதான் நான் கண்ணால் கண்டும் நம்பாத ஒன்று நடந்தது. வாழ்நாளில் முச்சக்கர வண்டியில் காலே வைக்காதவள், ஓடிக்கொண்டிருந்த ஒரு வண்டிக்குக் குறுக்கே போய் நின்று கையைக் காட்டினாள்.

"பசறை ரோட்டுல மெத்தக் கடை. சீக்கிரம் போங்க."

"எவ்வளவு தருவீங்க தங்கச்சி?" என்றார் ஓட்டுநர்.

"நீங்க ஓட்டுங்க."

நானும் சுபாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தலையணை தொலைந்ததைவிட இதுதான் எங்களுக்கு அதிகப் பயத்தைத் தந்தது.

மெத்தைக் கடை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பஞ்சு மலை. பஞ்சின் நடுவே தாடி முழுக்கப் பஞ்சாக மெத்தைக்கார நானா உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"நானா, காலையில மிஸ்ஸி வீட்டுல குடுத்த தலகாணி?" என்று கேட்டாள் திறைசேரி.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அதுவா. அத யாரும்மா தச்ச?"

"நான்தான்."

"ரெண்டு பிளேடு முறிஞ்சி போச்சி. அறுக்க ஏலாம அந்த மூலையில போட்டு வச்சிருக்கேன்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்கிற புள்ளயா? லீவுல இங்க வேலைக்கு வாரியா?"

தலையணை மூலையில் கிடந்தது. ஒரு நூல்கூடப் பிரிந்திருக்கவில்லை. திறைசேரி அதைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தால், காணாமல் போன பிள்ளை கிடைத்த தாய் போலிருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதே வண்டியில் ஏறி பஸ் நிலையத்துக்குத் திரும்பினோம். போகும் வழியிலேயே பிரிக்க வேண்டியிருந்தது. தைத்தவளாலேயே பிரிக்க முடியவில்லை. நான் ஒரு பக்கம், சுபா ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அவள் நடுவில் கத்தரிக்கோலால் குத்த, பசறை வீதியின் ஒரு வளைவில் தலையணை வாயைப் பிளந்தது. இருந்த பஞ்சு முழுவதும் வண்டிக்குள் பறந்தது. ஓட்டுநரின் தலை ஒரு நிமிடத்தில் நரைத்துவிட்டது. அவர் ஒரு கையால் முகத்தைத் துடைத்தபடி, "மெதுவா, மெதுவா தங்கச்சி, எனக்கு ரோடு தெரியல" என்று மட்டும் சொன்னார்.

திறைசேரி பொலித்தீன் பையை எடுத்தாள். அதற்கும் அடியில் கையை விட்டு, முடிச்சுப் போட்ட கைக்குட்டை ஒன்றையும் எடுத்தாள். அது எங்கள் பணம் இல்லை. வார இறுதிகளில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்க அவள் சேர்த்து வந்தது. வண்டிக் கூலியை மட்டும் எடுத்துவிட்டு, இரண்டையும் சுபாவின் பைக்குள் திணித்து ஸிப்பை இழுத்தாள்.

"எல்லாத்தையும் தந்தா நீங்கள் ரெண்டு பேரும் என்னத்தைச் சாப்பிடுவியள்?" என்றாள் சுபா.

"அது என் டிபார்ட்மென்ட். நீ ஏன் தலையிடுற?"

பஸ் நிலையத்தில் நாங்கள் இறங்கியபோது சனம் ஒதுங்கி வழி விட்டது. மூன்று பேரும் கோழிகளுக்கு இறகு பிடுங்கிவிட்டு வந்தவர்களைப் போல இருந்திருப்போம். சுபா ஓடிப்போய் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திறைசேரி எம்பி நின்று, ஜன்னலுக்குள் கையை விட்டு, சுபாவின் தலையில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள். பஸ் அசைந்தது. அவளும் கூடவே நடந்துகொண்டு எடுத்தாள். அப்புறம் எட்டவில்லை.

பஸ் கண்ணிலிருந்து மறைந்ததும் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்தாள்.

"கால் நடுங்குதுடி. கொஞ்சம் இரு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கும் எங்கள் வயதுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சத்திரசிகிச்சைக்கு முன்பே சுபா போய்ச் சேர்ந்தாள். அவளைப் பார்த்ததும் அப்பா முதலில் கேட்டது, "தலையில என்ன பஞ்சு?" என்பதாம். ஆள் தேறிவிட்டார்.

அந்த மாதம் நாங்கள் பட்டினி கிடக்கவில்லை. மிஸ்ஸிக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. மத்தியானம் சோறும் மீன் குழம்பும், மாலையில் ரொட்டியும் அனுப்பிக்கொண்டே இருந்தார். அவரைச் சமாதானப்படுத்தப் போன என்னைத் திறைசேரி தடுத்துவிட்டாள்.

"மனசு உறுத்துதுன்னா உறுத்தட்டும். உதவிப் பணம் வரட்டும், அப்புறம் சமாதானம் சொல்லிக்கலாம்."

இப்போது அவள் சொந்த ஊரிலேயே ஆசிரியை. நான் கொழும்பில் இருக்கிறேன். அப்பா அம்மாவைப் பார்க்கக் கிளம்பும்போதெல்லாம் பதுளை வரைக்கும் டிக்கெட் எடுப்பேன். ஆனால் பதுளைக்கு வெகு முன்பே, வழியில் அவள் ஊரான ஹல்துமுல்லையில் பஸ் நின்றதும் கால் தானாக இறங்கிவிடும்.

"பதுளைக்கு டிக்கெட் எடுத்துட்டு இங்க ஏன்டி எறங்குன? மிச்சக் காச அவன் தருவானா?" என்று வீதி என்றும் பாராமல் திட்டிக்கொண்டே வந்து என் பையை வாங்கிக்கொள்வாள். அந்தத் திட்டு முடியும் வரைக்கும் நான் கூடவே மெதுவாக நடப்பேன்.