ரோஜாவுக்குக் காவலிருந்தவன்

எங்கள் தெருவில் இனி நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. அதனால் குனிந்தபடியே சொல்கிறேன், கேளுங்கள்.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு போல்ட் நட் கம்பெனியில் நான் டைம் கீப்பர். கேட்டில் உட்கார்ந்து யார் வருகிறான், யார் போகிறான், யார் லேட் என்று பார்ப்பதுதான் உத்தியோகம். சுப்பராயன் கண்ணுக்கு ஈ கூடத் தப்பாது என்று கம்பெனியில் சொல்வார்கள். கம்பெனியில் சொல்வதாக நான் வீட்டில் சொல்வேன்.

புதிதாக வந்த மானேஜர் பூப் பைத்தியம். ஒருநாள் கேட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, "வீட்டுல ஏதாவது செடி வெச்சிருக்கியா சுப்பராயா?" என்று கேட்டார்.

"ரோஜாத் தோட்டமே இருக்குங்க சார்!"

வாய் தவறி வந்துவிட்டது. எங்கள் வாசலில் அன்றைக்கு இருந்தது ஒரு துவைக்கிற கல்.

"பேஷ்! ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்" என்று போய்விட்டார்.

சாயங்காலமே ஒரு கட்டு ரோஜாக் குச்சி வாங்கி வந்து, வேட்டியை மடித்துக் கட்டி வரிசையாக நட்டேன். என் மனைவி காந்திமதி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"ரோஜாத் தோட்டம்."

"முள்ளு மேல பாக்குது."

"பாக்கட்டுமே. உனக்கு இன்னா?"

"ரோசா முள்ளு கீழதான்யா பாக்கும். அத்தினி குச்சியும் தலகீழா நட்டுகீற."

சிரசாசனத்தில் நின்ற தோட்டத்தை அவளே பிடுங்கித் திருப்பி நட்டாள். தண்ணீர் ஊற்றியது அவள். எரு போட்டது அவள். ஆட்டை விரட்டியதும் அவள். மேற்பார்வை மட்டும் முழுக்க என்னுடையது. அந்த மேற்பார்வையையும் தாங்கிக்கொண்டு ஒரே ஒரு செடி பிழைத்தது.

அது மொட்டும் விட்டது. நான் தெருவையே கூட்டிக் காட்டினேன். எல்லோரும் போன பிறகு காந்திமதி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நாளிக்கு வெள்ளிக்கிழம. இத்த நான் வெச்சிக்கட்டுமாய்யா?"

"கைய வெச்ச, அவ்ளோதான்! மானேஜர் பாக்கறதுக்குள்ள ஒரு இதழ் உதிரக் கூடாது. பூ செடியில இருந்தாதான் அழகு."

"என் தலையில இருந்தா?"

"பூவாவுக்கே ஓடிகினு கீறேன். உனக்குப் பூ கேக்குதா?"

அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் செடி மொட்டையாக நின்றது.

"காந்திமதி! ரோஜாவக் காணோம்!"

"அடப்பாவமே!" என்று காபியை நீட்டினாள். "நல்லா தேடிப் பாருய்யா. எங்க போயிருக்கப் போவுது?"

தேடினேன். சாக்கடையில் தேடினேன். எதிர்வீட்டு மாட்டின் வாயைத் திறந்து தேடினேன். அடுத்த பூவும் போயிற்று. அதற்கடுத்ததும் போயிற்று. சோறு இறங்கவில்லை. "எடுத்தவன் கை அழுகிப் போவணும்" என்று இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாபம் விட்டேன். காந்திமதி குனிந்து ரசம் ஊற்றினாள். கமகமவென்று வாசனை வந்தது. "ரசம் இன்னிக்கி நல்லா கீது" என்று பாராட்டக்கூடச் செய்தேன்.

மானேஜர் நாள் குறித்து வருவதாகச் சொன்ன ஞாயிறும் வந்தது. முந்தின நாள் மலர்ந்திருந்த பூவைக் காணவில்லை. எனக்கு வெறியே பிடித்துவிட்டது. தெருக்குழாயில் எதிர்வீட்டு அம்சவல்லி தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தலை நிறையப் பூ வைப்பவள். போதாதா?

"இந்தாம்மா! கண்டவன் செடியில பூவப் பறிச்சி வெச்சிக்கிறியே, வெக்கமா இல்ல?"

குடங்கள் எல்லாம் நின்றன. அம்சவல்லி நிதானமாகக் குழாயை மூடினாள். மானேஜரின் ஸ்கூட்டரும் சரியாக அப்போதுதான் வந்து நின்றது.

"யோவ் டைம் கீப்பரு! யாரப் பாத்துத் திருடின்ற? மொதல்ல உம் பொண்டாட்டியத் திரும்பச் சொல்லுய்யா!"

எங்கள் வாசலில் நின்றிருந்த காந்திமதி திரும்பினாள்.

கொண்டையில் ரோஜா. என் ரோஜா.

தெரு சிரித்தது. மாடுகூடச் சிரித்தது. மானேஜர் செடியைப் பார்த்தார், கொண்டையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "பூ நல்லா வந்திருக்கு சுப்பராயா" என்று ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போனார்.

வீட்டுக்குள் வந்ததும் கேட்டேன். "எத்தினி நாளா?"

"மொதப் பூவுலேர்ந்து. உனுக்கு எதிர்லதான குனிஞ்சி குனிஞ்சி சோறு போட்டேன்? இன்னிக்காவது நீ பாக்க மாட்டியா, திட்டவாவது மாட்டியான்னு இருந்தேன். ரோசாவப் பாத்த. மானேஜரப் பாத்த. எம் பக்கம் பாக்கவேயில்லியே நீ."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். ரோஜாவுக்கு முள் இருக்கிறது, எனக்கு ரோசம் கூட மிஞ்சவில்லை.

இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். விடிந்ததும் புதிதாக மலர்ந்த ரோஜாவை என் கையாலேயே பறித்து, அவள் எதிரில் நீட்டினேன்.

காந்திமதி ரோஜாவைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் கலங்கின மாதிரி இருந்தது. ஆனால் கையை நீட்டவில்லை.

"எனக்குத்தான் தினம் கெடச்சிச்சே. ஒரு பாவமும் அறியாத அம்சவல்லி அக்காவத் தெருவுல வெச்சி திருடின்னியே. இத்த அதுக்குக் குடுத்து மன்னிப்பு கேட்டுகினு வா."

"நானா? எப்டி காந்திமதி..."

"போய்யா. அக்கா தனியாதான் கீது."

நியாயம் அவள் பக்கம். போனேன். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, முகத்தில் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு, ரோஜாவை முன்னால் நீட்டியபடி நின்றேன்.

கதவைத் திறந்தது அம்சவல்லி இல்லை. அவள் புருஷன், லாரி ஓட்டுகிற எல்லப்பன். அவர் கை என் தொடை அளவு இருக்கும்.

"இன்னாபா காலங்காத்தால? ரோசா யாருக்கு?"

திரும்பிப் பார்த்தேன். எங்கள் வாசலில் காந்திமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே, தெருவையே அடைத்துக்கொண்டு எல்லப்பனின் லாரி நின்றிருந்தது. இவ்வளவு பெரிய லாரியைத் தாண்டித்தான் நான் வந்திருக்கிறேன்.

"உங்களுக்குத்தாண்ணே" என்றேன்.